வெளிவராத ட்ரீம்காஸ்ட் ஹாஃப்-லைஃப்

போர்ட்டிங்னா கோடை மறுபடி கம்பைல் பண்றதுதானேன்னு நினைக்கிறீங்களா? கல்லல் செட்டிநாட்டு வீட்டுச் சாமானை எல்லாம் ஹாஸ்டல் ரூமுக்குள் அடுக்கிப் பாருங்க, புரியும்.

1998-ல் கணினிக்கு வந்த ஷூட்டர் கேம் ஹாஃப்-லைஃப். அதை சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்குக் கொண்டுவர கேப்டிவேஷன், கியர்பாக்ஸ் குழுக்கள் உழைத்தன. கன்சோலின் முதன்மை மெமரி 16 எம்பி. அது தீர்ந்தால், கணினி மாதிரி ஹார்ட் டிஸ்க்கில் கடன் வாங்க வழியில்லை.

எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது சேவ் ஃபைல்தான். சுட்ட எதிரி, உடைத்த பெட்டி, திறந்த கதவு என்று தாண்டி வந்த இடங்களின் நிலையையும் ஹாஃப்-லைஃப் எழுதி வைக்கும். போகப் போக ஃபைல் வீங்கும். ட்ரீம்காஸ்ட் மெமரி கார்டில் நமக்குக் கிடைப்பதோ 200 பிளாக், ஒன்றுக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்க: வெறும் 100 கேபி!

ஆனால் கேமை நிறுத்தியது மெமரி இல்லீங்க. 2001 ஜனவரியில் ட்ரீம்காஸ்ட் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. ஜூனில், சந்தை நிலவரம் மாறிவிட்டது என்று சொல்லி, வெளியீட்டாளர் சியரா போர்ட்டை ரத்து செய்தது. வேலை ஏறக்குறைய முடிந்திருந்த நேரம்! அந்தப் பதிப்புக்கென்றே உருவாக்கிய 'புளூ ஷிஃப்ட்' கதை மட்டும் தப்பித்து, அதே மாதம் கணினிக்கு வந்தது, மெருகேற்றிய மாடல்களோடு.