முடிவுக்காகக் காத்திருந்த வீரர்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மார்ச் 22 முதல் இராணுவ வீரர்களும் காவல் துறையினரோடு சாலைத் தடுப்புகளில் பணியாற்றினர். கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழும் மக்கள் அக்காலத்தின் இரண்டு பொருள்களை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்று, தனிமைப்படுத்தப்பட்டோர் மணிக்கட்டில் அணிந்த இளஞ்சிவப்புப் பட்டை. மற்றொன்று, பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கப்பட்ட கைப்பேசி. செம்பனைக் குலை வெட்டப் போக முடியாமல் ஓர் அறைக்குள் முடங்கியவருக்கு நோயைவிடக் காத்திருப்பே பெரும் பாரமாக இருந்திருக்கும்.

போர்ப் பயிற்சி பெற்றவர்களுக்கு இத்தகைய மனப்பதற்றம் வராது என்று எண்ணுவோர் உண்டு. அதே மார்ச் மாதத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் கோறனி நச்சில் பரவியது. கப்பலில் ஏறத்தாழ 4,800 பேர் இருந்தனர். அடுக்குக் கட்டில்களில் நெருக்கமாக உறங்கும் அவர்களிடையே இடைவெளிக்கு வழியே இல்லை. கப்பல் குவாம் தீவை அடைந்ததும் 4,000க்கும் மேற்பட்டோர் கரையில் இறக்கப்பட்டனர். பலர் தங்கும்விடுதி அறைகளில் தனிமைப்படுத்தப்பட்டனர்.

இறுதியில் 1,271 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களுள் நான்கில் மூவருக்கும் மேலானோரிடம் பரிசோதனையின்போது எந்த நோய் அறிகுறியும் இல்லை. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று தேறுதல் கொள்ளவும் முடியாத நிலை அது! களத்தில் நிற்கும் வீரனுக்கு எதிரி எங்கிருக்கிறான் என்பது ஓரளவு தெரியும். செய்வதற்கு வேலையும் இருக்கும். பூட்டிய அறையில் இவ்விரண்டும் இல்லை. பக்கத்துக் கட்டில் நண்பனுக்குத் தன்னால் நோய் பரவியிருக்குமோ என்னும் கவலை மட்டும் மிஞ்சும். தனிமையில் இருந்தபோது நினைவிழந்த மாலுமி ஒருவர் ஏப்ரல் 13ஆம் நாள் இறந்தார். அச்செய்தியும் காத்திருந்தவர்களின் காதுகளை எட்டாமல் இருந்திருக்காது.

அவ்வாண்டு இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தனிமைப்படுத்துதல் தொடர்பான 24 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். தெளிவற்ற தகவல், நீளும் நாள்கள், சலிப்பு, பொருள் பற்றாக்குறை, பிறருக்கு நோயைப் பரப்பிவிடுவோமோ என்னும் அச்சம் ஆகியவை மனத்தை வாட்டுவதாக அவர்கள் கண்டறிந்தனர். இவற்றுள் தகவலைத்தான் மிக எளிதாகச் சரிசெய்யலாம். அதற்கு மருந்தோ செலவோ தேவையில்லை. 'முடிவு விரைவில் வரும்' என்பதைவிட, 'நாளை மாலைக்குள் வரும். தாமதமானால் நாங்களே அழைத்துச் சொல்வோம்' என்பது காத்திருப்பவரை அன்றிரவு உறங்கவைக்கும். இது படைமுகாமுக்கும் பொருந்தும். தோட்டத்து வீட்டுக்கும் பொருந்தும்.

குவாமில் மாலுமிகள் கப்பலுக்குத் திரும்ப, அடுத்தடுத்து இரு பரிசோதனைகளில் தொற்று இல்லை என்ற முடிவு வரவேண்டியிருந்தது. அவ்வாறு திரும்பியவர்களுள் சிலருக்கு மே மாதத்தில் மீண்டும் தொற்று உறுதியானது. அவர்கள் மறுபடியும் கரையில் தனிமைப்படுத்தப்பட்டனர்.