பெட்டரிக்கும் குளிரும் சூடும் உண்டு



கரண்ட் போன இரவில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று லயங்களில் பலரும் 12 வோல்ட் பெட்டரி வைத்திருக்கிறோம். அதை வாங்க எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சீக்கிரம் சாகவிடாமல் காப்பதே இந்த மாதப் பாடம்.

ஒரு தை மாதம் மேல்மலைத் தோட்டத்து அக்கா ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, போன வருஷம் வாங்குன பெட்டரிங்க. இப்ப எட்டு மணிக்கே லைட்டு மங்கிப் போவுது. மகள் சாதாரணதரம் எழுதப் போறா" என்றார்.

போய்ப் பார்த்தோம். கொழும்பில் வாங்கிய சார்ஜர் 14.4 வோல்ட்டில் நின்றது. அது 25 பாகை செல்சியசுக்கு உரிய அளவு. அந்த வீட்டிலோ பெட்டரி வெறும் 15 பாகையில் இருந்தது.

மழைக்குளிரில் கொழுந்து வாட நேரம் எடுக்கும் அல்லவா? பெட்டரியும் அப்படித்தான். குளிரில் உள்ளே நடக்கும் இரசாயன வேலை மந்தமாகும். அதே வோல்ட் கொடுத்தால் முழுதாக ஏறாது. அரைகுறையாகவே கிடந்தால் ஈயத்தகட்டில் வெள்ளைப் படிவு இறுகிவிடும். சூட்டில் இதற்கு மாறாக நடக்கும். வேலை வேகமாகி, தண்ணீர் வற்றி, தகடு அரித்துப் போகும்.

ஆகவே 25 பாகைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் 0.03 வோல்ட் கூட்ட வேண்டும். மேலே போனால் அதே அளவு குறைக்க வேண்டும்.

10 பாகை – 14.85 வோல்ட்
15 பாகை – 14.7 வோல்ட்
25 பாகை – 14.4 வோல்ட்
35 பாகை – 14.1 வோல்ட்

கவனிக்க வேண்டியவை:

1. இது தண்ணீர் ஊற்றும் ஈய பெட்டரிக்கான கணக்கு. மூடிய பெட்டரி என்றால் அதில் எழுதியிருக்கும் அளவே சரி. லித்தியத்துக்கு இந்தக் கணக்கு ஆகாது.

2. பார்க்க வேண்டியது பெட்டரியின் சூட்டை. வெளிக் குளிரை அல்ல. அடுப்போரம் வைத்தால் மலையிலும் அது சுடும்.

3. சில சோலார் கொன்ட்ரோலர்களில் சூடு பார்க்கும் சிறு வயர் இருக்கும். அதைப் பெட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். அது தானே கூட்டிக் குறைக்கும். நாம் மறுபடி கூட்டக் கூடாது.

4. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டு மீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நிறைந்தது என்று அர்த்தம்.

5. சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். குப்பி விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் கிட்டே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அந்த அக்கா வீட்டுச் சார்ஜரை 14.7 வோல்ட்டுக்கு மாற்றி வைத்தோம். சில வாரம் கழித்து, "இப்ப பத்து மணி வரைக்கும் எரியுதுங்க ஐயா" என்றார். சூடு கூடும் மாதங்களில் திரும்பக் குறைக்கச் சொல்லி வந்திருக்கிறோம். உங்கள் வீட்டுச் சார்ஜர் எந்த அளவில் நிற்கிறது? தெரியாவிட்டால் நம்மிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.