சேராதது எந்தப் பால்?

பாலுக்கு அழுத உபமன்யுவுக்குச் சிவபெருமான் பாற்கடலையே வரவழைத்துக் கொடுத்தார் என்பது தில்லைப் புராணம். புலிக்கால் முனிவரின் பிள்ளையான அவனுக்கு, காமதேனுவின் பாலைக் குடித்துப் பழகியபின் வேறெதுவும் இறங்கவில்லையாம். இந்தக் கதை வழங்கும் மண்ணில், பசும்பால் ஒரு பச்சைப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்று யாருக்கும் எளிதில் தோன்றாது. கடலூரோ சிதம்பரமோ, கைக்குழந்தை கக்கினாலும் காலை மடக்கி மடக்கி அழுதாலும் பழி முதலில் தாயின் மேல்தான் விழுகிறது. "தாய்ப்பால் சேரல, நிறுத்திட்டுப் பசும்பால் குடுத்துப் பாரு" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உடலியல் சொல்வது இதற்கு நேர்மாறானது. பிறந்த குழந்தைக்கு உண்மையிலேயே ஒரு பால் சேரவில்லை என்றால், அது ஏறக்குறைய எப்போதும் மாட்டுப்பாலின் புரதம்தான்.

குழப்பத்தின் வேர் 'லாக்டோஸ்' என்ற சொல்லில் இருக்கிறது. பாலிலுள்ள இந்தச் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது குறைவு. ஒரு டம்ளர் பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்புவது அதனால்தான். ஆனால் அந்தக் குறைவு பால்குடி மறந்து சில ஆண்டுகள் கழித்தே தொடங்குகிறது. லாக்டேஸ் இல்லாமலே பிறக்கும் குழந்தை உலகிலேயே மிக அரிது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய்ப்பாலில் லாக்டோஸ் ஏறத்தாழ 7 சதவீதம், பசும்பாலில் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. லாக்டோஸுக்குப் பயந்து தாய்ப்பாலை விட்டுப் பசும்பாலுக்கு மாறுவதில் பொருளே இல்லை. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின் குடலின் உள்பூச்சு தேய்ந்து சில வாரங்கள் லாக்டோஸ் செரிக்காமல் போவதுண்டு. அப்போதும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புச்சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுத்தால் குடல் தானாகத் தேறிவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் நலமான குழந்தையின் மலத்திலும் சர்க்கரை தென்படும் என்பதால், அந்த ஒரு பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதும் தவறு.

அழுகிற பிள்ளைக்கெல்லாம் பால் ஒவ்வாமை என்று கிளம்புவது எதிர்ப்பக்கத்துத் தவறு. குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். குடித்ததும் கொஞ்சம் கக்குவது, நாளைக்கு எட்டு முறை மஞ்சளாக மலம் போவது, ஐந்து நாள் போகாமலே இருப்பது எல்லாம் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இயல்பு. எடை ஒழுங்காக ஏறுகிறதா என்பதே முதல் கேள்வி.

உண்மையான பால்புரத ஒவ்வாமை நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வருவதில்லை. வந்தால் அதன் முகம் இரண்டு. ஒரு வகை, பால் உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாந்தியும் இழுப்பும் வரும். மூச்சுத் திணறினாலோ குழந்தை துவண்டாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மற்றொரு வகை மெதுவானது. மலத்துணியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் சளிபோன்ற வழவழப்பும் அதனூடே நூல் நூலாக ரத்தமும் தெரியும். அடங்காத கரப்பான், விடாத வாந்தி, ஏறாத எடை ஆகியவையும் சேர்ந்து வரலாம். தாய் குடிக்கும் பாலின் புரதம் சிறு அளவில் தாய்ப்பாலில் கலப்பதால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கும் இது வரும். பெரியவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் மாற்ற வேண்டியது தாயின் உணவை. பாலூட்டலை விட்டுவிடக் கூடாது.

இந்த மெதுவான வகையை ரத்தப் பரிசோதனை உறுதிசெய்யாது. தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், பனீர், பால் இனிப்பு, பால்பொடி சேர்ந்த பிஸ்கட், சத்துபானம் அனைத்தையும் விட வேண்டும். நெய்யிலும் புரதம் சிறிது ஒட்டியிருப்பதால் அந்த நாட்களில் அதுவும் வேண்டாம். குழந்தை தேறினால் மீண்டும் பால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொல்லை திரும்பினால்தான் நோய் உறுதி. இந்த இரண்டாம் படியைத் தாண்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு: தானாகத் தணிந்த அழுகைக்குப் பாலைக் காரணமாக்கி, மாதக்கணக்கில் தாயைப் பட்டினி போடுகிறோம். உடனடி வகையில் மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது; கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மருத்துவர் கண்ணெதிரே நடக்க வேண்டியது அது. பால் இல்லாமல் தாய்க்குச் சத்து எப்படி என்று கேட்பது நியாயமே. கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று நம் அடுப்படியிலேயே சுண்ணாம்புச்சத்து நிறைய இருக்கிறது. பேறுகாலத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதலிலேயே உள்ளது.

மாற்றுப்பால் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை மாற்றே ஆகாது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்கள் பசும்பால் புரதத்தைப் போலவே இருப்பதால், பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அவையும் ஒவ்வாது. நாட்டு மாட்டுப் பாலும் அப்படியே. காய்ச்சினாலும் தண்ணீர் கலந்தாலும் கேசின் என்ற புரதம் அசைந்து கொடுக்காது. தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலின் புரதம் ஓரளவு தாய்ப்பாலை ஒத்தது என்பது உண்மைதான். ஆனால் அதில் கொழுப்பு மிகக் குறைவு. பச்சையாகக் கறந்து பாலாடையில் புகட்டும்போது கிருமியும் சேர்ந்து போகிறது. 'லாக்டோஸ் இல்லாதது' என்று எழுதிய பால்மாவில் சர்க்கரைதான் இல்லை, புரதம் முழுதாக இருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் புரதத்தை நொறுக்கிச் செய்த தனிப் பால்மா வேண்டும். அதன் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். தாய்ப்பாலை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்பதற்கு அந்த விலையே போதிய காரணம்.

"நாங்கெல்லாம் பசும்பால்லதான் வளர்ந்தோம்" என்பார்கள். வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள், தேறாமல் போன பிள்ளைகள் வந்து சொல்ல முடியாது. ஒவ்வாமையே இல்லாத குழந்தைக்கும் முதல் ஆண்டில் பசும்பால் முக்கிய உணவாக இருந்தால் இரும்புச்சத்து குறையும்; சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிவதும் உண்டு.

ஒவ்வாமை உறுதியான குழந்தைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குள் அதைக் கடந்துவிடுகிறார்கள். பலர் அதற்கும் வெகு முன்பே. அதனால் குறைந்தது ஆறு மாதம் பாலை விலக்கியபின், ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் மருத்துவரிடம் கேட்டு மறுபடி சிறு அளவில் கொடுத்துப் பார்க்கலாம். மெதுவான வகை என்றால், மாவோடு சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் தொடங்கி, தயிர் வழியாக, கடைசியில் பாலுக்கு வருவது வழக்கம். ஒவ்வொரு படியிலும் சில நாள் பொறுத்து மலத்தையும் தோலையும் எடையையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.