காடை ஒன்றும் குட்டிக் கோழி அல்ல

சென்னிமலை, பெருந்துறை, காங்கயம் பக்கம் பொழுது சாய்ந்தால் தள்ளுவண்டிகளில் காடை வறுபடும் வாசம் கிளம்பிவிடும். எண்ணெயில் பொரித்துத் தின்பதுதான் நமக்குப் பழக்கம். இப்போது மொட்டை மாடியில் கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைத்து, முழுக்காடைக்கு வெண்ணெயும் தழையும் பூசிச் சுட்டுத் தின்னும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அடுப்பைச் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், அதில் பாதிக்கு மேல் கோழிக்குச் சொல்லிப் பழகியவை. சுத்தம் செய்த காடை 150 கிராம் தேறினாலே பெரிது. நெஞ்சுக்கறி விரல் கனம்தான். கோழிக் கணக்கு இங்கே செல்லாது.

“காட்டுப் பறவைங்க, அதான் இந்த ருசி”

கடையில் தொங்குவது பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடை. 1974-ல் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த இனம். நந்தனம், நாமக்கல் பெயர்களில் நம் கால்நடைப் பல்கலைக்கழகமே ரகங்களை உருவாக்கியது. முட்டை பொரிய 17, 18 நாள் ஆகும். ஐந்து வாரத்தில் 200 கிராம் எடையை ஒட்டி வந்ததும் விற்பனைக்குப் போய்விடும். கொறங்காட்டுக் கிளுவை வேலியோரம் ஓடும் கவுதாரியும் காட்டுக்காடையும் வேறு. அவற்றைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் “ஒரிஜினல் கவுதாரி இருக்கு” என்று காதில் ஓதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

“ராத்திரியே ஊறப்போட்டாத்தான் மசாலா இறங்கும்”

மசாலா எத்தனை நேரம் ஊறினாலும் மேல்பரப்பைத் தாண்டி அதிகம் போகாது. உள்ளே இறங்குவது உப்பு. விரல் கனக் கறிக்கு ஒரு மணி நேரம் போதும். எலுமிச்சையிலும் தயிரிலும் விடிய விடியக் கிடந்தால் அந்த மெல்லிய கறியின் மேற்புறம் குழைந்துபோகும். புளிப்பைக் கடைசியில் பிழிந்துகொள்ளலாம்.

“வெண்ணெய் பூசப் பூசத்தான் கறி மெத்துனு வரும்”

இதுதான் அதிகம் கெடுப்பது. நமக்கு ஊத்துக்குளி வெண்ணெய் கூப்பிடு தூரத்தில் கிடைப்பதால் தாராளமாகவே கெடுக்கிறோம். வெண்ணெயில் ஐந்தில் நாலு பங்கு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால்சத்து. அந்தப் பால்சத்து 150 டிகிரியைத் தாண்டியதுமே கருக ஆரம்பிக்கும். கனன்ற கரிக்கு மேலே சூடு 200-ஐத் தாண்டி நிற்கும். ஆரம்பத்திலேயே பூசினால் தண்ணீர் தோலை நனைத்து மொறுமொறுப்பைத் தடுக்கிறது, பால்சத்து கருகிக் கசக்கிறது, உருகிய கொழுப்பு கரியில் சொட்டித் தீ எழும்புகிறது. அப்போது வரும் கரும்புகையில் புற்றுநோய்க்கு இடம்தரும் வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அதைப் பார்த்து “புகை வாசம் ஏறுது” என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

கறியை மெத்தென்று வைப்பது வெண்ணெய் அல்ல. கொழுப்பு நாருக்குள் புகாது. ஈரத்தைப் பிடித்துவைப்பது உப்பு, காப்பாற்றுவது சரியான நேரத்தில் இறக்குவது. வெண்ணெய் தருவது வாசமும் வழவழப்பும்தான். அதனால் முதலில் கடலை எண்ணெயோ நெய்யோ லேசாகத் தடவிச் சுடுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் வெண்ணெய் பூசினால் போதும்.

அதற்கு நம் வீட்டுமுறையே கைகொடுக்கும். வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக்கீரை போடுகிறோம் அல்லவா, அதேபோல் கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு போட்டு உருக்கி, அடியில் தங்கியது பொன்னிறமானதும் வடிகட்டுங்கள். பால்சத்து வடிகட்டியில் நின்றுவிடுவதால் பூசியது சட்டென்று கருகாது. இன்னொரு வழி, குழைந்த வெண்ணெயில் பொடியாக அரிந்த மல்லித்தழையையும் புதினாவையும் பிசைந்து நெஞ்சுத் தோலுக்கு அடியில் தள்ளிவிடுவது. கறியின் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. தழையும் பச்சை வாசத்தோடு நிற்கும். ரோஸ்மேரியும் தைமும் இருந்தால்தான் இது ஆகும் என்பதும் வீண் பேச்சு. நீலகிரியில் விளைகிற ரோஸ்மேரி கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் ஒரு குறையுமில்லை.

இதெல்லாம் தோல் இருந்தால்தான். நம் கடைகளில் இறகோடு தோலையும் ஒரே இழுப்பில் உரித்துத் தருவதுதான் வழக்கம், வேலை சுளுவு. “தோலோட வேணுங்கண்ணா, இறகு மட்டும் புடுங்கிக் குடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மிச்சமிருக்கும் பூமுடியை, நாட்டுக்கோழிக்குச் செய்வதுபோலத் தீயில் வாட்டி மஞ்சள் பூசிவிடலாம். முதுகெலும்பைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்துவிட்டு நெஞ்சை உள்ளங்கையால் அழுத்தினால் காடை தட்டையாக விரியும். எல்லாப் பக்கமும் ஒன்றாக வேகும்.

“எலும்போரம் சிவப்பா இருந்தா வேகலைன்னு அர்த்தம்”

ஐந்து வாரக் குஞ்சின் எலும்பு இன்னும் கெட்டிப்படாதது. மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து கறியில் படியும், நன்றாக வெந்த பிறகும் இருக்கும். பறவைக் கறிக்குப் பாதுகாப்பான அளவு உட்பகுதியில் 74 டிகிரி. விரித்த காடை மிதமான கனலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அதைத் தொட்டுவிடும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். கோழிக்கு “இன்னும் அஞ்சு நிமிஷம்” விட்டால் குடி முழுகாது, காடைக்கு விட்டால் சக்கைதான் மிஞ்சும்.

“ஒரு காடை பல கோழிக்குச் சமம்”

கோழியைவிடக் காடைக்கறியில் இரும்புச்சத்து கூடுதல் என்பது நிஜம். அதற்கு மேல் சொல்லப்படும் தெம்புக் கதைகளுக்கு ஆதாரமில்லை. காடை முட்டை 10 முதல் 12 கிராம், நாலைந்து சேர்ந்தால்தான் ஒரு கோழிமுட்டை எடை. ‘காடை விஷம்’ என்று பயமுறுத்துவதற்கும் ஒரு மூலம் உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில், வலசை போகும் வேறொரு காடை இனத்தை வேட்டையாடித் தின்ற சிலருக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதித்திருக்கிறது. அது காட்டுப் பறவையின் சங்கதி, பண்ணைக் காடைக்குப் பொருந்தாது.

எலும்பு போனால் ஒரு காடையில் நூறு கிராம் கறி தேறுவதே சிரமம். நாலு பேர் சாப்பிட எட்டு வாங்குங்கள்.