22 நகர்த்தலில் டிரா ஏன்?

கேள்வி: 2023 உலகக் கோப்பை செஸ் இறுதிச் சுற்றை மகளோடு பார்த்தேன். டைபிரேக்கின் முதல் ரேபிட் ஆட்டத்தில் தோற்ற பிரக்ஞானந்தா இரண்டாவதில் வென்றே ஆகவேண்டும். ஆனால் 22 நகர்த்தலிலேயே டிரா! எப்படியும் கோப்பை போகிறது என்றால், துணிந்து எதையாவது செய்து பார்த்திருக்கலாமே?

பதில்: டிராவும் தோல்வியும் அன்று அவருக்கு ஒன்றுதான், உங்கள் கணக்கு சரி. ஆனால் துணிவதற்குப் பலகையில் காய்கள் வேண்டும். எதிரே ஆடிய கார்ல்சன் அவற்றைத்தான் விட்டுவைக்கவில்லை.

பாகுவில் ஆகஸ்ட் 24 அன்று நடந்த டைபிரேக் அது. ஆளுக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதல். டிரா போதும் என்று இருப்பவரின் கைக்கு வெள்ளைக் காய் வந்தது. ஆட்டம் எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் வெள்ளைதான் முடிவு செய்யும். பிரக்ஞானந்தா ஆடியது சிசிலியன். கறுப்பில் வெற்றி தேடுபவர்கள் காலங்காலமாக நம்பும் தடுப்பு. சண்டைக்குத்தான் வந்தார். கார்ல்சனோ சி3 கட்டத்தில் சிப்பாயை வைத்து அலபின் வழிக்குத் திருப்பிவிட்டார். அதில் மையம் சீக்கிரம் திறக்கும், காய்கள் ஜோடி ஜோடியாக வெட்டுப்படும். வெட்டை மறுத்து ஒதுங்கினால் பல வேளைகளில் கறுப்புக் காய்கள்தான் மோசமான கட்டங்களுக்குப் போகும். அதே தொடரில் நகமுராவையும் கருவானாவையும் டைபிரேக்கில் வீழ்த்திய பையனைப் பயந்தவன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

1987இல் செவில் நகரில் காஸ்பரோவுக்கும் இதே நெருக்கடி. கடைசி ஆட்டத்தில் கார்போவை வென்றால்தான் உலக சாம்பியன் பட்டம் தங்கும். அவர் பாயவில்லை, காய்களை வெட்டாமல் வைத்துக்கொண்டு, மெல்ல நெருக்கி வென்றார். ஆனால் அவரிடம் வெள்ளை இருந்தது, யோசிக்க மணிக்கணக்கில் நேரமும் இருந்தது.

என் வருத்தமெல்லாம் டைபிரேக்கின் முதல் ஆட்டத்தைப் பற்றித்தான். பிரக்ஞானந்தாவின் கையில் வெள்ளை இருந்தது அப்போதுதான். கோப்பை நழுவியதும் அங்கேதான்.

உங்கள் மகள் போட்டிகளில் ஆடுபவள் என்றால், அலபினுக்கு எதிராகக் காய்களை உடனே வெட்டாத ஒரு வழியையாவது பழக்கிவையுங்கள். பள்ளிப் போட்டிகளிலும், டிரா போதும் என்று வருபவர்கள் இதை எடுப்பதுண்டு.