பதினொண்ணாவது வருஷம் வரைக்கும் பொறு, தங்கச்சி!

பி.எட். முடிச்சு தனியார் பள்ளியில டீச்சரா சேர்ந்திருக்கிற தங்கச்சிகளுக்குத்தான் இதை எழுதுறேன். 2003 ஏப்ரல் 1-க்கு முன்னாடி அரசுப் பள்ளியில சேர்ந்த டீச்சர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இருக்கு. நமக்கு அப்படி எதுவும் கிடையாது. ரிட்டயர் ஆகிற அன்னிக்கு ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. அதுக்கப்புறம் நாமளா சேர்த்து வச்சதை நம்பித்தான் இருக்கணும்.

"வாங்குறதே பதினஞ்சாயிரம், இதுல என்னக்கா சேர்க்கிறது? சம்பளம் கூடட்டும், பார்க்கலாம்"னு சொல்வே. எட்டாம் வகுப்புக் கணக்குல கூட்டு வட்டி நடத்துறோமே, அந்தச் சூத்திரத்தை ஒரு தடவை போர்டுல எழுதிப் பாரு. அசலும் வட்டி வீதமும் கீழ நிக்கும். வருஷம் மட்டும் அடுக்குல ஏறி உட்கார்ந்திருக்கும். பணம் எவ்வளவு போட்டோம்ங்கிறதை விட எத்தனை வருஷம் விட்டுவச்சோம்ங்கிறதுதான் இங்க பெரிசு. பிள்ளைங்களுக்கு இதை நடத்திட்டு, நாம மட்டும் "அப்புறம் பார்க்கலாம்"னு இருக்கோம்.

பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கையே எடுத்துக்குவோம். 2020 ஏப்ரல்ல இருந்து வட்டி 7.1 சதவீதம். மாசம் 2,000 ரூபாய்னு 25 வயசுல ஆரம்பிச்சு 55 வரைக்கும் போட்டா, உன் கையில இருந்து போனது 7.2 லட்சம்; கணக்குல நிக்கிறது கிட்டத்தட்ட 24 லட்சம். இதையே 35-ல ஆரம்பிச்சா? போட்டது 4.8 லட்சம், கிடைக்கிறது 10.3 லட்சம். போட்டதுல 2.4 லட்சம்தான் குறைஞ்சது, வாங்குறதுல 13.6 லட்சம் குறைஞ்சு போச்சு! அந்தப் பத்து வருஷத்தை 35 வயசுல ஈடுகட்டணும்னா மாசம் 4,600 ரூபாய்க்கு மேல போடணும். அப்போ பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கடன் எல்லாம் வரிசையா நிக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன், ஆரம்பத்துல இது பெரிய ஏமாற்றமா இருக்கும். முதல் வருஷம் 24,000 போட்டுட்டு மார்ச் 31-க்கு அப்புறம் பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தா வட்டி 923 ரூபாய்தான் விழுந்திருக்கும். "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு தோணும். நீ வருஷத்துக்குப் போடுற 24,000-த்தை, வருஷ வட்டி தாண்டுறது பதினொண்ணாவது வருஷத்துலதான். முப்பதாவது வருஷத்துல, அந்த ஒரு வருஷ வட்டி மட்டுமே 1.58 லட்சம். நம்மள்ல முக்காவாசிப் பேர் எங்க கோட்டை விடுறோம்னா, அந்த ஏழாவது எட்டாவது வருஷத்துல. காதுகுத்து வருது, மனை விலைக்கு வருது, தம்பி தொழில் ஆரம்பிக்கிறான். ஏழாவது வருஷத்துல இருந்து பி.பி.எஃப்.ல ஒரு பகுதிப் பணத்தை எடுக்கலாம்னு விதியும் இடம் கொடுக்குது. வட்டி வேகம் பிடிக்கிற நேரம் பார்த்து எடுத்துடறோம். வீட்டுல யாரு கேட்டாலும் "அது லாக் ஆகிக் கிடக்கு"ன்னு சொல்லு. இதுக்குப் பொய் சொன்னா பாவம் இல்லை.

பி.பி.எஃப்.ல ரெண்டு நுணுக்கம் இருக்கு. ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதியில இருந்து கடைசித் தேதி வரைக்கும் கணக்குல இருந்த குறைஞ்ச தொகைக்குத்தான் வட்டி. நம்ம பள்ளிகள்ல சம்பளம் 7-ஆம் தேதியோ 10-ஆம் தேதியோ வரும். அன்னிக்கே கட்டினா அந்த மாச வட்டி, 12 ரூபாய் போல, போச்சு. முப்பது வருஷத்துல அது 13,600 ரூபாய்க்கு வந்து நிக்கும். அதனால 2-ஆம் தேதிக்குப் போற மாதிரி பேங்க்ல சொல்லி வச்சுடு. போன மாசச் சம்பளத்துல ஒதுக்கி வச்ச பணம் போகட்டும். மே மாசம் சம்பளம் தராத பள்ளியா? கவலை வேண்டாம், வருஷத்துக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோட இருக்கும். மே மாசத்தை விட்டுட்டு ஜூன்ல சேர்த்துக் கட்டு.

இன்னொண்ணு, பி.பி.எஃப். 15 வருஷத்துல முதிர்ச்சி அடையும். மேல அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். ஆனா தொடர்ந்து பணம் போடணும்னா, முதிர்ச்சி ஆன ஒரு வருஷத்துக்குள்ள அதுக்கான படிவம் கொடுத்தாகணும். கொடுக்காம விட்டா இருக்கிற பணத்துக்கு வட்டி வரும், புதுசா போட முடியாது. அந்த வருஷத்தை டைரியோட முதல் பக்கத்துல எழுதி வை.

அடுத்தது சம்பளத்துல பிடிக்கிற பி.எஃப். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற பள்ளின்னா பி.எஃப். கட்டாயம், 1982-லயே கல்வி நிறுவனங்களை அந்தச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. பாஸ்புக்கைத் திறந்தா மூணு பத்தி இருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000-ன்னா உன் பங்கு 1,800, நிர்வாகத்தோட பங்கு 550, பென்ஷன் 1,250. புதுசா வந்த டீச்சர் எல்லாரும் கேட்கிற கேள்வி, "நிர்வாகம் ஏன்க்கா 550 மட்டும் போடுறாங்க?" அவங்களும் 1,800-தான் கட்டுறாங்க, மிச்சம் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகுது. அந்தப் பத்தியில உனக்கு வட்டி ஏறாது. முதல் ரெண்டு பத்திக்கும் 2024-25-ல 8.25 சதவீதம் வட்டி கொடுத்தாங்க. மாசாமாசம் பணம் ஏறுதான்னு பாரு. சம்பளத்துல பிடிச்சுட்டுக் கட்டாம விடுற பள்ளிகளும் இருக்கு.

ஸ்கூல் மாறும்போதும், கல்யாணம்னு வேலையை விடும்போதும் பி.எஃப்.பை வழிச்செடுக்கிற பழக்கம் நம்ம டீச்சர்கள்கிட்ட ரொம்பவே உண்டு. 28 வயசுல 1.2 லட்சம் இருக்குன்னு வை. எடுத்தா ஒரு சோபா, ஒரு பிரிட்ஜ், ஒரு டூர். விட்டு வச்சா, இதே 8.25 சதவீதம் நீடிச்சா, 58 வயசுல அது கிட்டத்தட்ட 12.9 லட்சம். அஞ்சு வருஷம் முடியாம எடுத்தா வரி வேற உண்டு. பத்து வருஷ சர்வீஸ் இருந்தாத்தான் அந்த பென்ஷன் பத்தியில இருந்து மாசாமாசம் ஏதாவது வரும். அதனால பி.எஃப். கணக்கோட அதே யு.ஏ.என். நம்பரைப் புதுப் பள்ளியில கொடுத்து டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கோ.

இதையெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அடகுல நகை இருக்கான்னு சொல்லு. வட்டி கட்ட முடியாம வட்டியையும் அசலோட சேர்த்து மறு அடகு வைக்கிறோமே, அதுவும் இதே கூட்டு வட்டிதான், ஆனா நமக்கு எதிரா ஓடுது. 72-ஐ வட்டி வீதத்தால வகுத்தா எத்தனை வருஷத்துல ரெட்டிப்பாகும்னு தெரிஞ்சுடும். 12 சதவீத அடகுன்னா ஆறு வருஷம், நம்ம பி.பி.எஃப். ரெட்டிப்பாக பத்து வருஷம். மாசம் 3 சதவீதம் போடுற கிரெடிட் கார்டு பாக்கி ரெண்டே வருஷம். முதல்ல அதை அடை. நகையை மீட்கிறதுதான் அந்த வருஷத்துச் சேமிப்பு.

ஜனவரி ஆனா வரிச் சேமிப்புன்னு சொல்லிக்கிட்டு ஏஜெண்ட் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துடுவார், பெரும்பாலும் யாராவது ஒரு டீச்சரோட வீட்டுக்காரரா இருப்பார். இன்ஷூரன்ஸ் வேணும், டேர்ம் பாலிசியா எடு. பணம் பெருக்குறதுக்கு எண்டோவ்மெண்ட் பாலிசி வேண்டாம். முகத்துக்காகக் கையெழுத்துப் போடாதே.

24 லட்சம்னு நான் சொன்னதைக் கேட்டு நிம்மதியாத் தூங்கிடவும் வேண்டாம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா, முப்பது வருஷம் கழிச்சு அந்த 24 லட்சத்துக்கு இன்னிக்கு 4 லட்சத்துல வாங்குற சாமான்தான் கிடைக்கும். இன்கிரிமெண்ட் வர்ற ஜூன்ல எல்லாம் சேமிப்பையும் 5 சதவீதம் ஏத்து. இந்த வருஷம் 2,000, அடுத்த வருஷம் 2,100, அதுக்கடுத்து 2,205. முப்பது வருஷ முடிவுல 24 லட்சம் 41 லட்சத்தைத் தாண்டிடும். டியூஷன் காசு வர்ற பிப்ரவரி, மார்ச்ல கொஞ்சம் கூடுதலாப் போட்டா இன்னும் நல்லது. பி.பி.எஃப்.ல வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் போடலாம்.

கடைசியா, கல்யாணம் ஆகியிருந்தா பி.எஃப். நாமினேஷனைப் புதுசாப் போடு. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர்லயோ அப்பா பேர்லயோ போட்டது இனி செல்லாது.