முதலில் அப்பாவின் தட்டு

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சாம்பாரில் கிடக்கும் காயைக்கூடப் பொறுக்கித் தட்டோரம் வைத்துவிடுகிறான். உருளைக்கிழங்கு வறுவல் என்றால் மட்டும் சாப்பிடுவான். என் கணவரும் காயைத் தொடமாட்டார். பழத்துக்குப் பதில் பாக்கெட் ஜூஸ் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் கணவரைப் பற்றி எழுதினீர்களே, வைத்தியத்தை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அப்பா ஒதுக்கும் காயை மகன் விரும்பிச் சாப்பிடுவது கடினம்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நம் நகரக் குடும்பங்கள் செலவழிக்கும் நூறு ரூபாயில் காய்கறி, பழம் இரண்டுக்கும் சேர்த்தே 8 ரூபாய்கூட இல்லை. டீ, காபி, குளிர்பானம், பிஸ்கட், சிப்ஸ், கடைச் சாப்பாடு வகையறாவுக்கு 10 ரூபாய்க்கு மேல் போகிறது.

எவ்வளவு தேவை? 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் 350 கிராம், 10 வயதுக்கு மேல் எல்லோருக்கும் 400 கிராம் காயும் பழமுமாகச் சேரவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. உங்கள் மூவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு எந்த மூலைக்கு?

பாக்கெட் ஜூஸ் வேண்டாம். பழத்தின் நார்ச்சத்து அதில் பெரும்பாலும் போய்விடும், சர்க்கரைதான் மிஞ்சும். விலை கூடிய ஆப்பிளும் அவசியமில்லை. கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் போதும், கடித்துச் சாப்பிடட்டும்.

பள்ளி விட்டுப் பசியோடு வரும் நேரம் நல்ல நேரம். பிஸ்கட் டப்பாவுக்கு முன்னால் வெள்ளரி, கேரட் துண்டுகளை வையுங்கள். முருங்கைக்கீரையை அடைமாவில் சேருங்கள். பிடிக்காத காயை ஒரு ஸ்பூன் மட்டும் பரிமாறுங்கள். இரண்டு முறை ஒதுக்கினான் என்று விட்டுவிடாதீர்கள்; ஒரு புதுச் சுவை பழக, பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். திட்டவும் வேண்டாம், சாக்லேட் ஆசை காட்டவும் வேண்டாம்.

இன்று இரவே மூவரும் சேர்ந்து உட்காருங்கள். பொரியலை முதலில் கணவர் தட்டில் வையுங்கள். அவர் சாப்பிடுவதை மகன் பார்க்கட்டும்.